அந்தமானில் குடியேறலாமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

சென்னையில் விமானம் ஏறினால் இரண்டே கால் மணி நேரத்தில் போர்ட் பிளேர். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். பழைய பெயர் இன்னும் நாக்கைவிட்டுப் போகவில்லை. நாலு நாள் சுற்றுலா போய்வந்ததும் ‘இங்கேயே இருந்துவிட்டால் என்ன?’ என்று தோன்றுவது இயல்பு. வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் சில சந்தேகங்கள் இங்கே.

குடியேற அனுமதி வேண்டுமா?

ஊருக்குள் வசிக்க இந்தியர்களுக்கு வேண்டாம். நிக்கோபார் தீவுகளுக்கும் பழங்குடியினர் காப்புப் பகுதிகளுக்கும் அனுமதியின்றிப் போகக்கூடாது. 1956 முதல் அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. ஜாரவா மக்களைப் படம் பிடிப்பதும் குற்றம்தான்.

தமிழை மட்டும் வைத்துச் சமாளிக்க முடியுமா?

ஓரளவு முடியும். 2011 கணக்கெடுப்பில் தீவுகளில் சுமார் 15 சதவீதம் பேர் தமிழர்கள். தமிழ்ப் பள்ளிகள் உண்டு, வெற்றிமலை முருகன் கோயிலும் உண்டு. ஆனால் பல மொழிக்காரர்கள் கலந்து வாழும் ஊருக்குப் பொதுமொழி இந்தி. அலுவலகத்தில் அது இல்லாமல் வேலை நடக்காது.

வீட்டுச் சாமான்களை என்ன செய்வது?

கப்பலில்தான் போக வேண்டும். சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர். பயணிகள் கப்பலுக்கே ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். வங்கக் கடலில் புயல் சின்னம் வந்தால் கப்பல் தள்ளிப்போகும். அப்போது காய்கறி விலையும் ஏறும், ஏனென்றால் வெங்காயமும் உருளைக்கிழங்கும்கூட ‘மெயின்லேண்ட்’ சரக்கு. பிளைவுட் அலமாரியை ஊரிலேயே விட்டுவிடுங்கள். அந்த ஈரத்தில் பூசணம் பிடிக்கும். உப்புக்காற்று இரும்பைத் தின்னும்.

இவ்வளவு மழை பெய்யும் ஊரில் தண்ணீர்த் தட்டுப்பாடா?

நம்பமாட்டீர்கள், ஆமாம். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, சென்னையைப்போல இருமடங்கு. ஆனால் மேட்டில் விழுந்த நீர் சிறு ஓடைகளில் இறங்கி நேராகக் கடலுக்குப் போய்விடுகிறது. நகரம் பெரிதும் நம்பியிருப்பது தனிக்காரி அணையை. மழை விட்டுப்போன மார்ச், ஏப்ரலில் அணை இறங்கினால் குழாயில் தினமும் தண்ணீர் வராது, முறைவைத்துத்தான் விடுவார்கள். வாடகைக்கு வீடு பார்க்கும்போது முதல் கேள்வி தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவாக இருக்கட்டும். வாடகையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கலாமா?

பார்க்கலாம். சென்னையிலிருந்து கடலடியில் போட்ட சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. அதற்குமுன் செயற்கைக்கோள் இணைப்பில் பட்டது பெரும்பாடு. மின்சாரத்துக்கு அப்படி ஒரு தொடர்பு இல்லை. பெரும்பகுதி டீசல் ஜெனரேட்டரில்தான் உற்பத்தியாகிறது. வேலை நேரத்தைத் திட்டமிடும்போது இதையும் நினைவில் வையுங்கள்: பொழுது காலை ஐந்து மணிக்கே விடிந்து, மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும்.

வயதான பெற்றோரை அழைத்துப்போகலாமா?

இதில்தான் தயங்கச் சொல்வேன். ஜி.பி. பந்த் அரசு மருத்துவமனை இருக்கிறது, 2015 முதல் மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. ஆனால் உயர்சிகிச்சை என்றால் பல நேரம் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோதான் அனுப்புவார்கள். பாதி ராத்திரியில் நெஞ்சுவலி வந்தால் அந்த இரண்டே கால் மணி நேரக் கணக்கு உதவாது. இதயம், சிறுநீரகம் தொடர்பான நோயாளிகள் வீட்டில் இருந்தால் யோசித்து முடிவெடுங்கள்.

நிலநடுக்கம்?

அபாயம் மிக அதிகம். 2004 டிசம்பர் 26 அன்று போர்ட் பிளேர் நிலமே சுமார் ஒரு மீட்டர் இறங்கியது. அருகிலுள்ள சிப்பிகாட் வயல்களில் ஏறிய கடல்நீர் வடியவே இல்லை. கடலைப் பார்த்த வீடு என்று ஆசைப்படுவதைவிட மேட்டு வீடு மேல்.

மனை வாங்கலாமா?

அவசரம் வேண்டாம். தீவுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் காடு, மனைக்கு இருக்கும் நிலம் கொஞ்சம். எந்த வகை நிலம், யார் பெயரில் இருக்கிறது என்று தாசில்தார் அலுவலகப் பதிவேட்டைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஊரில் இருக்கும் வீட்டை விற்றுவிட்டுப் போகும் எண்ணம் இருந்தால், அதற்குமுன் ஒரு ஏப்ரல் மாதமாவது அங்கே வாடகைக்கு இருந்து பாருங்கள்.