மாத்திரை சாப்பிட்டால் ரேடார் முன் உட்கார முடியாதா?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ விமான நிலையம் கிடையாது. விமானம் ஏற மதுரைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் மலையைச் சுற்றிக்கொண்டு திருவனந்தபுரத்துக்கு. ஆனால், இந்திய விமான நிலைய ஆணையத்தின் ஏடிசி வேலைக்கு, அதாவது வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணிக்கு, விண்ணப்பிக்கத் தேவையான படிப்பு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேரிடம் இருக்கிறது. இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்சி. போதும், ஏதாவதொரு செமஸ்டரில் அவ்விரண்டும் இருந்த பொறியியல் பட்டமும் செல்லும். ராஜுக்கள் கல்லூரியிலும், ராம்கோ பொறியியல் கல்லூரியிலும், கிருஷ்ணன்கோவில் கலசலிங்கத்திலும் படிப்பவர்களுக்கு எட்டாத தகுதியில்லை இது. வயது 27-க்குள் இருக்க வேண்டும். தொடக்க அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய். 2025-இல் 309 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது.

எழுத்துத் தேர்வோடு முடிவதில்லை. குரல் தேர்வு, போதைப்பொருள் பரிசோதனை, உளவியல் மதிப்பீடு, மருத்துவப் பரிசோதனை என்று வரிசையாக நிற்கின்றன. சின்ன வயதில் ஏடிஎச்டி என்று மருத்துவர் சொல்லி, கவனக்குறைவுக்கு மாத்திரை சாப்பிட்ட பிள்ளையின் வீட்டில் பயம் தொடங்குவது இங்கேதான். “இந்த மாத்திரைய ஆரம்பிச்சா பின்னாடி கவர்மென்ட் வேலைக்கு எடுக்க மாட்டாங்களாமே டாக்டர்?” என்ற கேள்வி, பையன் ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போதே வந்துவிடுகிறது.

முதலில் மாத்திரையைப் பார்ப்போம். ஏடிஎச்டிக்கு அதிகம் எழுதப்படும் மருந்து மெத்தில்ஃபெனிடேட். 1944-இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிஸ்ஸோன் இதைத் தயாரித்தார். மனைவி ரீட்டாவின் பெயரால் ‘ரிட்டாலின்’ ஆயிற்று. மூளையின் நரம்பு முனைகளில் சுரக்கும் டோபமினும் நார்அட்ரினலினும் உடனே திரும்ப உறிஞ்சப்படாமல் இது தடுக்கிறது. அதனால், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி, ‘இதைப் பார், அதை விடு’ என்று ஆணையிடும் வேலையைக் கொஞ்சம் உறுதியாகச் செய்கிறது. சாதாரண மாத்திரையின் வேலை சுமார் நான்கு மணி நேரம். மெதுவாகக் கரையும் வகை எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வரை தாங்கும்.

இந்தியாவில் இது எக்ஸ் அட்டவணை மருந்து. இரண்டு பிரதிகளாகச் சீட்டு வேண்டும்; ஒன்றைக் கடைக்காரர் வாங்கி இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்; மாத்திரையைப் பூட்டித்தான் வைக்க வேண்டும்; விற்கத் தனி உரிமமும் வேண்டும். பக்கத்துத் தெரு மெடிக்கலில் கேட்டதும் கிடைக்காததற்கு இதுதான் காரணம். அந்தப் பூட்டையும் இரட்டைச் சீட்டையும் பார்க்கும் பெற்றோர், பிள்ளைக்கு ஏதோ போதை மருந்து கொடுக்கிறோம் என்று மிரண்டுபோவதும் இயல்புதான். முறையாகக் கண்டறிந்து, அளவாகக் கொடுத்து, மருத்துவர் கண்காணிக்கும் வரை அது சிகிச்சை.

இனி அந்த வேலை. நடுவானில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போகும் விமானங்களுக்கு இடையே 1,000 அடி இடைவெளி. கட்டுப்பாட்டாளர் ஓர் உயரத்தைச் சொல்வார்; விமானி அதைத் திருப்பிச் சொல்வார்; சொன்னது சரிதானா என்று கட்டுப்பாட்டாளர் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். ஓர் எண் மாறினால் அந்த நொடியிலேயே பிடித்துவிட வேண்டும், அதுவும் அடுத்த விமானம் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே.

1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் சவுதி விமானத்துக்கு 14,000 அடியும், எதிரே வந்த கசகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடியும் சொல்லப்பட்டிருந்தன. கசகஸ்தான் விமானம் சொன்ன உயரத்தில் நிற்காமல் கீழே இறங்கியது. இரண்டும் மோதி 349 பேர் இறந்தார்கள். டெல்லிக் கட்டுப்பாட்டாளர் சொன்னது சரியாகவே இருந்தது. அன்றைய ரேடார் உயரத்தைக் காட்டாது, விமானி வாயால் சொல்வதுதான் கணக்கு. ஆயிரம் அடி என்பது எவ்வளவு குறைவு என்பதை அந்த மாலை காட்டியது.

பரபரப்பான நேரத்தைவிட, விடியற்காலை மூன்று மணிக்குத் திரையில் இரண்டே விமானங்கள் இருக்கும் நேரம்தான் கடினம். இரண்டாம் உலகப் போர்க்கால ரேடார் பணியாளர்களின் சிக்கலிலிருந்து தொடங்கிய நார்மன் மேக்வொர்த்தின் ஆய்வு, 1948-இல் இதைத் தெளிவாக்கியது: எந்தக் குறையும் இல்லாதவருக்கே அரை மணி நேரத்துக்குள் விழிப்பு தளர்ந்துவிடுகிறது. ஏடிஎச்டி உள்ளவரிடம் இந்த நழுவல் அதிகம், நொடிக்கு நொடி மாறவும் செய்யும்.

சரி, மாத்திரைதான் அதைச் சரிசெய்கிறதே, சாப்பிட்டுவிட்டு வேலை பார்க்கட்டுமே என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால், மருந்தின் நேரக்கணக்கும் சுழற்சிப் பணியும் ஒத்துப்போவதில்லை. பணிக்கு நடுவே மருந்தின் வேகம் இறங்கலாம். ஒருவேளை மாத்திரை மறந்துபோகலாம். இரவுப் பணிக்காகச் சாப்பிட்டால் பகல் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் மறுநாள் கவனம் போகும். விமான மருத்துவம் தயங்குவதற்கான காரணம் இது. அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன்.

விதி என்ன சொல்கிறது? பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் முதல் இணைப்பில், கட்டுப்பாட்டாளர்களுக்கானது மூன்றாம் வகுப்பு மருத்துவத் தகுதி. அதிலுள்ள மனநலப் பட்டியலில், குழந்தைப் பருவத்திலோ வளரிளம் பருவத்திலோ தொடங்கும் நடத்தைக் கோளாறுகளும் இருக்கின்றன. ஏடிஎச்டி இதில் அடங்கும். ஆனால், அந்தப் பட்டியலோடு ஒரு நிபந்தனை ஒட்டியிருக்கிறது: பணியைப் பாதுகாப்பாகச் செய்ய முடியாமல் ஆக்கக்கூடிய அளவில் அது இருக்க வேண்டும். பழைய சீட்டில் ஒரு பெயர் எழுதியிருப்பதற்காக மட்டும் ஒருவரை வாழ்நாள் முழுக்கத் தள்ளிவைக்கச் சொல்லும் வாசகம் இல்லை அது. பலருக்கு வயது ஏற ஏற அறிகுறிகள் தணிகின்றன என்பதும் மருத்துவம் அறிந்த உண்மை.

அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ, விமானிகளுக்கு இதைக் காலக்கணக்காகவே எழுதிவைத்திருக்கிறது. மருந்து சாப்பிட்டுக்கொண்டே உரிமம் பெற முடியாது. நான்கு ஆண்டுகளாக மருந்தும் இல்லை, அறிகுறியும் இல்லை என்று ஆவணங்களோடு காட்டினால், 2023-இல் வந்த விரைவு வழி உண்டு. மற்றவர்கள் 90 நாட்கள் மருந்தில்லாமல் இருந்து, நரம்பியல் உளவியல் சோதனைக்கு உட்பட வேண்டும். நம் ஆள்சேர்ப்பு அறிவிப்பிலும் இப்படி நாலு வரி அச்சிட்டால், எத்தனையோ வீடுகளில் வதந்தி அடங்கும்.

நம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் போதைப்பொருள் பரிசோதனை விதி 2022 ஜனவரி 31 முதல் நடப்பில் இருக்கிறது. ஆண்டுதோறும் குறைந்தது பத்து சதவீதக் கட்டுப்பாட்டாளர்களை முன்னறிவிப்பின்றிச் சோதிக்க வேண்டும். கஞ்சா, கோகைன், ஓபியம் வகைகளோடு ஆம்ஃபெட்டமைன் வகை ஊக்கிகளும் தேடப்படுகின்றன. அதே ஆண்டில் டெல்லியில் ஒரு கட்டுப்பாட்டாளர் சோதனையில் சிக்கிப் பணியிலிருந்து விலக்கப்பட்டார். ஆகவே, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொண்டுவரும் ‘அட்ரால்’ ஆம்ஃபெட்டமைன்தான். அதை இந்தியாவில் சட்டப்படி விற்பதில்லை. ராத்திரி கண்விழித்துப் படிக்க நண்பனிடம் அதை வாங்கிப் போட்டுக்கொள்வது, தேவைப்பட்ட பிள்ளை மருத்துவர் சொல்லி மாத்திரை சாப்பிடுவதோடு சேராது.

எனக்குக் கவலையெல்லாம் அந்த ஐந்தாம் வகுப்புப் பையனைப் பற்றித்தான். பதினைந்து வருடம் கழித்து வரப்போகும் ஒரு மருத்துவப் பரிசோதனையை நினைத்து இன்றைய மருந்தை நிறுத்தினால், அந்தப் பரிசோதனை வரை அவனைக் கொண்டுபோகும் படிப்பே தடுமாறும். பிறகு விண்ணப்பத்தில் மறைப்பது இன்னும் மோசம். மறைத்தது தெரிந்தால் வேலையே போகும். தொடங்கிய தேதி, அளவு, நிறுத்திய தேதி, நிறுத்திய பின் வாங்கிய மதிப்பெண்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வையுங்கள். எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்லட்டும். பிள்ளையை எங்கே காட்டுவது என்று தெரியாதவர்கள் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மனஸ் எண் 14416-ஐ அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.