தண்டுவடம் அடிபட்டாலும் ஆயுள் நீளும்

பாறசாலை, செங்கல், குளத்தூர், காரோடு எனக் கேரளத்தின் தென்கோடியில் தமிழும் மலையாளமும் கலந்து பேசும் ஊர்களில் தென்னையும் ரப்பரும் பலருக்குப் பிழைப்பு. களியக்காவிளை நோக்கிப் போகும் தேசிய நெடுஞ்சாலையில் இரவும் பகலும் வண்டிகள் ஓயாது. மரத்திலிருந்து விழுவதும் பைக் விபத்தும்தான் இளம் வயதில் முதுகுத் தண்டுவடம் அடிபட முக்கியக் காரணங்கள். அப்படி விழுந்த பிள்ளையைப் பார்த்து, "இனி எத்தனை நாளோ" என்று உறவினர்கள் கலங்குவது உண்டு. அந்தக் கணக்கு தவறு. சரியான கவனிப்பு இருந்தால் அவர் இன்னும் முப்பது, நாற்பது ஆண்டுகள் வாழலாம். அந்தக் கவனிப்பின் பெரும்பகுதி மருத்துவமனையில் அல்ல, வீட்டில்தான் நடக்கிறது.

வாழ்ந்து காட்டியவர்கள்

கொச்சியில் பிறந்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்து, வேலூர் சி.எம்.சி.யில் 1966-இல் மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமானார். விபத்துக்குப் பின் 32 ஆண்டுகள் வாழ்ந்தார்.

தென்காசிக்கு அருகே ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ்.ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-இல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். 1981-இல் சொந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே அதற்குச் சூட்டினார். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

சிறுநீர்ப்பையே முதல் கவலை

தண்டுவடம் அடிபட்டால் கால் மட்டும் மரத்துப்போவதில்லை. சிறுநீர் நிறைந்திருப்பதும் தெரியாது, முழுதாக வெளியேறவும் செய்யாது. தேங்கும் சிறுநீர் கிருமிக்கு இடம் கொடுக்கும். அழுத்தம் கூடிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முற்காலத்தில் இத்தகைய நோயாளிகளின் உயிரைப் பெரும்பாலும் பறித்தது இதுதான்.

நிரந்தரமாக டியூப் போட்டிருப்பதைவிட, 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான குழாயைச் செலுத்திச் சிறுநீரை எடுத்துவிட்டுக் குழாயை வெளியே எடுப்பது பலருக்கு நல்லது. அமெரிக்க மருத்துவர் ஜாக் லாப்பிடஸ் 1972-இல் பரவலாக்கிய முறை இது. கைகள் இயங்குபவர் தானே செய்துகொள்ளலாம். நிரந்தர டியூப் தேவைப்படுபவர்கள் நர்ஸ் குறித்துக் கொடுக்கும் நாளில் அதைத் தவறாமல் மாற்ற வேண்டும். சிறுநீர் கலங்கலாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடாதீர்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம் இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

படுக்கைப்புண் வராமல் காக்க

ஒரே இடத்தில் எடை அழுந்தினால் அங்கே ரத்தம் ஓடாது, தசை அழுகும். வலி தெரியாததால் புண் ஆழமான பிறகே கண்ணில் படும். படுத்திருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை கையை ஊன்றி எழும்பியோ, பக்கவாட்டில் சாய்ந்தோ எடையை மாற்ற வேண்டும். குதிகால், இடுப்பு, பிட்டம் ஆகியவற்றைத் தினமும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். எங்காவது சிவந்திருந்தால், அது மறையும்வரை அந்தப் பக்கம் எடை விழக் கூடாது. சூடான கட்டன்சாயாவை மடியில் வைப்பதும் கூடாது, வெந்தாலும் உறைக்காது.

திடீர்த் தலைவலியா? காத்திருக்காதீர்கள்

கழுத்திலோ நெஞ்சின் மேல்பகுதியிலோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்குத் தலை பிளக்கும் வலி, முகம் சிவத்தல், வியர்வை திடீரென வந்தால் ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று அர்த்தம். அடைபட்ட டியூப், மலச்சிக்கல், இறுக்கமான உடை என எது வேண்டுமானாலும் காரணமாகலாம். உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், உடையைத் தளர்த்துங்கள், டியூப் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். குறையாவிட்டால் மருத்துவமனைக்கு விரையுங்கள். தாமதித்தால் பக்கவாதம் வரலாம்.

ஆண்டுகள் கூடக் கூட

நாற்காலியைத் தள்ளித் தள்ளி, இருபது முப்பது ஆண்டுகளில் தோள்மூட்டு தேயும். எலும்பு வலுவிழந்து சின்ன அடியிலேயே முறியும். உடலசைவு குறைவதால் எடையும் சர்க்கரையும் கூடும். ஆகவே எடையைக் கட்டுக்குள் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரக ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். மனச்சோர்வை உடல்நோயைப் போலவே கருதிச் சிகிச்சை பெறுங்கள். திருமணமும் குழந்தைப்பேறும் முடியாதவை அல்ல. மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

வீடு தேடி வரும் உதவி

2008-இல் இந்தியாவிலேயே முதலாவதாக வலிநிவாரணச் (பாலியேட்டிவ்) சிகிச்சைக்கென்று கொள்கை வகுத்த மாநிலம் கேரளம். பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கே வந்து டியூப் மாற்றுவார், புண்ணுக்கு மருந்து கட்டுவார். டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் 2003-இல் நிறுவிய பாலியம் இந்தியா என்ற அமைப்பு திருவனந்தபுரத்தில் இயங்குகிறது. எல்லைக்கு அப்பால் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இருக்கிறது. படுத்தவரை முழுநேரமும் கவனிக்கும் குடும்பத்தினருக்குக் கேரள அரசு ஆசுவாசகிரணம் திட்டத்தில் மாத உதவித்தொகை தருகிறது.

விழுந்தவரைத் தூக்காதீர்கள்

மரத்திலிருந்து விழுந்தவரைக் கைகால் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்தால், பாதி அடிபட்ட தண்டுவடம் முழுதும் அறுந்துபோகலாம். கழுத்தை அசைக்காமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். உங்கள் வார்டில் ஆண்டுக்கணக்கில் படுத்திருப்பவர் யாரேனும் இருந்தால், இந்த வாரமே ஆஷா பணியாளரிடம் அவரைப் பற்றிச் சொல்லுங்கள். நர்ஸ் ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்த்தாலே பல புண்களையும் காய்ச்சல்களையும் தடுத்துவிடலாம்.