மாந்தோப்புக்குச் சைக்கிளில் வரும் விருந்தினர்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் சிறு விவசாயிகளில் பலர், மரம் பூத்ததும் அல்லது பிஞ்சு பிடித்ததும் தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடுகின்றனர். முன்பணம் கைக்கு வருகிறது. காவல், பறிப்பு, வண்டிக் கூலி ஆகிய தொல்லைகள் இல்லை. ஆனால் காய் நன்கு பிடித்து விலையும் ஏறினால் அந்த லாபம் குத்தகைதாரரையே சேரும். தம் தோப்புப் பழத்தை வழிப்போக்கர் ஒருவருக்கு விற்கும் உரிமைகூட விவசாயிக்கு இருப்பதில்லை.

இதனை ஓரளவு ஈடுசெய்ய ஒரு வழி உண்டு. குத்தகை பேசும்போதே நான்கைந்து மரங்களை நிறுத்திக்கொண்டு, அவற்றின் பழத்தைத் தோப்புக்கே வரும் வெளியூர்க்காரரிடம் கடை விலைக்கு விற்பதே அது. அவ்வாறு வருவோரில் சிறு விவசாயிக்கு மிகவும் ஏற்றவர் சைக்கிளில் ஊர் சுற்றிப் பார்க்க வருபவர்.

சைக்கிள்காரர் ஏன்?

பேருந்தில் வருபவர் கோயிலைத் தரிசித்துவிட்டு அடுத்த பேருந்தில் போய்விடுகிறார். காரில் வருபவர் நெடுஞ்சாலைக் கடையில் மட்டும் நிற்கிறார். சைக்கிளில் வருபவரோ மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்கிறார். மணிக்கு ஒரு முறையாவது அவருக்குத் தண்ணீர் வேண்டும், உச்சி வெயிலில் நிழல் வேண்டும், பசியும் அதிகம். லாரிப் போக்குவரத்து மிகுந்த மதுரை - கொல்லம் நெடுஞ்சாலையை அவர் விரும்புவதில்லை. தோப்புகளுக்கு ஊடே செல்லும் சிறு சாலைகளையே தேடுகிறார். ஆகவே சாலையோரக் கடைக்காரருக்குக் கிடைக்காத இந்த விருந்தினர், உள்ளே தோப்பு வைத்திருக்கும் விவசாயிக்குக் கிடைக்கிறார்.

வெளிநாட்டு அனுபவம்

மலைச்சரிவில் பயிராகும் பழமும் பழைய கிராமங்களும் சேர்ந்து விருந்தினரை இழுப்பது புதிதன்று. பிரான்சு நாட்டின் அல்சாசு பகுதியில் திராட்சைக் கிராமங்களை இணைத்துச் சுமார் 170 கிலோமீட்டர் நீளத்துக்கு 1953-ஆம் ஆண்டிலேயே ஒரு திராட்சை மதுச் சாலையை வகுத்தனர். இன்று அங்கே சைக்கிளில் செல்வோர் ஏராளம். இத்தாலியின் கியாந்தி மலைப்பகுதியில் 1997-இல் பழைய சைக்கிள்களில் செல்லும் விழா ஒன்றைத் தொடங்கினர். தார் போடாத பழைய சரளைச் சாலைகளைக் காப்பதும் அதன் நோக்கம். பண்ணை விருந்தோம்பலுக்கென 1985-இல் அந்நாடு இயற்றிய சட்டம், விவசாயமே முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும், விருந்தினர் வருமானம் துணை வருமானமே என்று வரையறுத்தது. நாமும் மனத்தில் கொள்ள வேண்டிய விதி இது.

நமது மலைத்தொடரின் அந்தப்புறம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை விளைகிறது. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்தப்புறம் நமக்கு வாய்த்தது மா. இராஜபாளையத்துச் சப்பட்டையும் பஞ்சவர்ணமும் ருசி அறிந்தவர் தேடி வரும் பழங்கள்.

நம் வட்டாரத்தில் வழி

சென்னையிலிருந்து வரும் பொதிகை விரைவு ரயில் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் நிற்கிறது. சாலை மலைமீது ஏறாமல் மலையடியை ஒட்டியே செல்வதால் மூச்சு வாங்கும் ஏற்றங்கள் குறைவு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம், திருமலை நாயக்கர் அரண்மனை ஆகியவற்றைக் கண்டு, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவை வாங்கிக்கொண்டு, மம்சாபுரம் வழியாக இராஜபாளையம் வரலாம். அங்கே, 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சராக இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா தம் இல்லத்தையே வழங்கி அமைத்த காந்தி கலை மன்றம் உள்ளது. மேற்கே அய்யனார் கோயில் சாலை முழுவதும் தோப்புகள். தெற்கே சேத்தூரும், நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில் உள்ள தேவதானமும் உள்ளன. வடக்கே கிருஷ்ணன்கோவில், சுந்தரபாண்டியம் வழியே சென்றால் வத்திராயிருப்பின் நெல் வயல்களும் தென்னந்தோப்புகளும் வரும்.

வத்திராயிருப்பை அடுத்த கூமாபட்டி 2025-இல் சமூக வலைதளங்களால் திடீரெனப் பெயர் பெற்றது; பிளவக்கல் அணையைக் காண வெளியூர்க் கூட்டம் திரண்டது. கூட்டம் வருவதால் மட்டும் விவசாயிக்கு வருமானம் வந்துவிடாது. வந்தவர் வாங்கும்படி நம்மிடம் என்ன இருக்கிறது என்பதே கேள்வி.

தோப்பில் செய்ய வேண்டியவை

1. சாலையை ஒட்டிய நான்கைந்து மரங்களைக் குத்தகையிலிருந்து நிறுத்திக்கொள்ளுங்கள். எந்தெந்த மரம் என்பதை ஒப்பந்தச் சீட்டில் எழுதி, அடிமரத்தில் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். முன்பின்னாகப் பழுக்கும் இரண்டு மூன்று இரகங்களாக இருந்தால் விற்பனை நாட்கள் கூடும்.

2. வண்டிப் பாதையில் சீமைக்கருவேல முள் கிடக்கக் கூடாது. சைக்கிள்காரருக்கு முதல் எதிரி அதுவே. பஞ்சர் ஒட்டும் சாமான்களும் காற்றடிக்கும் பம்பும் ஒரு பெட்டியில் இருக்கட்டும்.

3. காய்ச்சி ஆறிய தண்ணீர், நிழலில் ஒரு கயிற்றுக் கட்டில், சுத்தமான கழிப்பறை ஆகிய மூன்றும் அவசியம். பெண்கள் வரும் குழுக்கள் கழிப்பறை இல்லாத இடத்தில் நிற்பதில்லை.

4. பழத்தின் பெயரையும் விலையையும் பலகையில் எழுதி வையுங்கள். ஆளுக்கு ஒரு விலை சொன்னால் மறுமுறை வரமாட்டார்கள்.

5. சைக்கிளில் இரண்டு கிலோவுக்கு மேல் கொண்டுபோவது கடினம். எனவே அங்கேயே உண்ணும்படி பழத்தை அறுத்துக் கொடுங்கள். எடுத்துச் செல்லக் கெட்டியான காய்களை ஒன்று, இரண்டு கிலோப் பைகளாக, வைக்கோல் வைத்துக் கட்டுங்கள்.

பழத்தின் தரம்

முற்றிய காயில் காம்பைச் சுற்றியுள்ள தோள் பகுதி நன்கு எடுத்திருக்கும். தண்ணீரில் போட்டால் மூழ்கும். மிதப்பது முற்றாத காய். ஒரு சென்டிமீட்டர் காம்போடு பறித்தால் பால் வழிந்து தோல் கருகாது. வைக்கோல் பரப்பி, காற்றோட்டமான அறையில் அடுக்கினால் சில நாட்களில் பழுத்துவிடும். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது, உடலுக்கும் கேடு. பழ ஈயைக் கட்டுப்படுத்த, விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி ஆழப் புதைத்து, மெத்தில் யூஜினால் பொறிகளைத் தொங்கவிட வேண்டும்.

குத்தகைதாரர் மருந்து தெளித்தால் அது காற்றில் பரவி நீங்கள் நிறுத்திய மரங்களிலும் படியும். தெளிக்கும் நாளை முன்கூட்டியே சொல்லச் செய்து, மருந்துப் புட்டியின் சீட்டில் குறித்துள்ள காத்திருப்பு நாட்கள் கழியும் வரை அம்மரங்களின் பழத்தை விற்காதீர்கள்.

சைக்கிள் பயணத்துக்கு இதமான மார்கழி, தை மாதங்களில் மரத்தில் பழம் இருக்காது. அப்போது இளநீர், கொய்யா, நெல்லிக்காய் கைகொடுக்கும். கோடையிலேயே போட்டு வைத்த மாங்காய் வற்றல், ஆவக்காய் ஊறுகாய் ஆகியவற்றையும் விற்கலாம். இவற்றை விற்குமுன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

எச்சரிக்கை

மலைப்பகுதி 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாக உள்ளது. வனத்துறை அனுமதியின்றி விருந்தினரைக் காட்டுக்குள் அழைத்துச் செல்லாதீர்கள். அடிவாரத் தோப்புகளில் யானை இறங்குவதால் மாலை ஐந்து மணிக்குள் அவர்களை ஊருக்கு அனுப்பிவிடுங்கள். பன்றிக்காக வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுவது குற்றம். அறியாமல் தொடும் மனிதர் உயிரையும் அது பறிக்கும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றைச் சுற்றி வேலி கட்டுங்கள்.

வரவு என்ன?

பத்துப் பேர் கொண்ட குழு ஆளுக்கு இரண்டு கிலோ வாங்கினால் 20 கிலோ. வியாபாரி விலைக்கும் கடை விலைக்கும் கிலோவுக்கு 20 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், ஒரு குழுவால் கூடுதலாகக் கிடைப்பது 400 ரூபாய். பருவத்தில் பன்னிரண்டு குழுக்கள் வந்தால் 4,800 ரூபாய். இது பெருந்தொகை அன்று. இதை நம்பிக் கடன் வாங்கிக் கட்டடம் கட்டுவது தவறு. ஆனால் அடுத்த பருவத்துக்கான பழ ஈப் பொறிக்கும் தொழு உரத்துக்கும் இது உதவும். அதைவிட முக்கியமாக, தம் பழம் கடையில் என்ன விலை பெறும் என்பதை விவசாயி நேரில் அறிந்துகொள்வார். அடுத்த குத்தகைப் பேச்சில் அந்த அறிவு அவருக்குப் பக்கபலமாக நிற்கும்.

ஒரே சாலையிலுள்ள நான்கைந்து விவசாயிகள் கூடிப் பேசி, ஒருவர் பழம், ஒருவர் இளநீர், ஒருவர் மதிய உணவு என்று பிரித்துக்கொண்டால் செலவு குறையும். பூ எடுக்குமுன் இப்பேச்சை முடித்துவிட்டு, நிறுத்த வேண்டிய மரங்களை இப்போதே தேர்ந்தெடுங்கள்.