தாதியர் பட்டம் எங்கே பயில்வது?

"எந்தச் சர்வகலாசாலை சிறந்தது?" என்று, தாதியர் பட்டப் படிப்பை நாடும் பெண்களின் பெற்றோர் கிழக்கேகோட்டையில் நம்மை வினவுகின்றனர். கேரளத்து நர்சிங் கல்லூரிகளிற் பெரும்பாலானவை, 2010-இல் திருச்சூரில் நிறுவப்பெற்ற கேரள ஆரோக்கிய சாஸ்திர சர்வகலாசாலையையே சார்ந்தவை. அவற்றிற்குப் பாடத்திட்டமும் பரீட்சையும் ஒன்றே. ஆகவே ஆராய வேண்டியது கல்லூரியையும் அதன் மருத்துவமனையையுமேயாம். நான்காண்டுப் படிப்பிற் கைப்பழக்கம் வருவது நோயாளியின் படுக்கையருகே அன்றோ! வார்டுகளில் நோயாளர் நிறைந்துளரா, நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா என்று கேளாது முன்பணம் கட்டலாகாது. அங்கீகாரமின்றேல் பட்டம் பெற்றும் தாதியாகப் பதிவு செய்ய இயலாது.

இங்கிருந்து பஸ்ஸிற் செல்லும் தொலைவில், மெடிக்கல் காலேஜ் வளாகத்திலேயே அரசு நர்சிங் கல்லூரி உள்ளது. அம்மருத்துவமனைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்து நோயாளரும் வருகின்றனர். தமிழறிந்த நம் பெண்ணின் இன்சொல் அவர்கட்குப் பாதி மருந்தாகும்.