வெப்பம் வரையும் படம் – 6: எந்த வேலைக்கு எந்த லென்ஸ்?

தெர்மல் கேமரா வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது பிக்சல் எண்ணிக்கையைத்தான். அந்தப் பிக்சல்களில் எத்தனை, பார்க்க வேண்டிய பொருளின் மேல் விழும் என்பதை முடிவு செய்வதோ லென்ஸ். 640 × 512 பிக்சல் உள்ள கேமராவில் வேலைக்குப் பொருந்தாத லென்ஸ் இருந்தால், அதில் கால் பங்கு பிக்சலே உள்ள 320 × 256 கேமரா சரியான லென்ஸோடு அதை எளிதாக முந்திவிடும். விலை குறைந்த கேமராக்கள் பலவற்றில் லென்ஸைக் கழற்றி மாற்றவும் முடியாது. வாங்கும் நாளில் எடுத்த முடிவுதான் கேமராவின் ஆயுள் முழுக்க நிற்கும். அதனால் கேமராவைத் தேர்வது என்பதில் பாதிக்கு மேல் லென்ஸைத் தேர்வதுதான்.

கண்ணாடிக்கு இங்கே இடமில்லை

சுமார் 27 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஒரு பொருள் உமிழும் வெப்பக் கதிர்கள் 9.7 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி உச்சம் அடைகின்றன. சுவர், மின்கம்பி, மனித உடல் எல்லாம் ஏறக்குறைய இந்த எல்லைக்குள் வந்துவிடும். ஆகவே பெரும்பாலான தெர்மல் கேமராக்கள் 8 முதல் 14 மைக்ரான் வரையிலான பட்டையில் வேலை செய்கின்றன. சாதாரணக் கண்ணாடி இந்தப் பட்டையை முற்றிலும் தடுத்துவிடும். மூடிய கண்ணாடி ஜன்னலுக்கு அப்பால் நிற்பவர் தெர்மல் படத்தில் தெரியாமல் போவது இதனால்தான்.

லென்ஸ் செய்ய அதிகம் பயன்படுவது ஜெர்மானியம். ஏகாசிலிக்கான் என்ற பெயரில் இப்படி ஒரு தனிமம் இருக்க வேண்டும் என்று 1871இல் மெண்டலீவ் முன்கூட்டியே கணித்தார். 1886இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் கிளெமன்ஸ் விங்க்லர் அதைப் பிரித்தெடுத்தார். சாதாரணக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, ஜெர்மானியத்தினுடையது சுமார் 4. கதிரை இவ்வளவு வலுவாக வளைப்பதால் குறைந்த வளைவுள்ள, குறைந்த எண்ணிக்கையிலான லென்ஸ்களே போதும். அதற்கு ஈடாக ஒரு சிக்கலும் உண்டு. பூச்சு எதுவும் இல்லாத ஜெர்மானியப் பரப்பு, தன் மேல் விழும் கதிரில் 36 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். இரு பரப்புகளையும் தாண்டி உள்ளே போவது பாதிக்கும் குறைவு. எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு கொடுத்த பிறகுதான் 90 சதவீதத்துக்கு மேல் கடக்கிறது. எனவே லென்ஸின் தரத்தில் பூச்சின் தரமும் அடக்கம். மணல், உப்புக்காற்று, மழை படும் இடங்களில் வெளிப்பரப்புக்கு வைரம் போன்ற கடினமான கார்பன் பூச்சு தேவை. அது கொஞ்சம் கதிரை விழுங்கும். ஆனால் கீறல் விழாமல் லென்ஸ் பல ஆண்டுகள் உழைக்கும். கட்டடத்துக்குள்ளேயே வேலை செய்யும் கேமராவுக்கு அது வேண்டியதில்லை.

ஜெர்மானியம் சூடாகும்போது அதன் ஒளிவிலகல் எண் கணிசமாக மாறும். 100 டிகிரியைத் தாண்டினால் அதுவே கதிரைத் தடுக்கத் தொடங்கும். உலைகளுக்கு அருகே வைக்கும் கேமராவுக்குச் சால்கோஜினைடு கண்ணாடி, துத்தநாக செலினைடு போன்ற பொருள்களை நாட இது ஒரு காரணம். சால்கோஜினைடை அச்சில் வார்த்தே லென்ஸாக்க முடியும் என்பதால் பெருமளவு உற்பத்தியில் செலவும் குறையும். உலகின் ஜெர்மானியத்தில் பெரும்பகுதியைத் தரும் சீனா, 2023 ஆகஸ்ட் முதல் அதன் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் என்றது. அதன் பிறகு இந்த மாற்றுப் பொருள்களின் மேல் தொழில்துறையின் கவனம் இன்னும் கூடியிருக்கிறது.

குவியத் தூரமும் பார்வைக் கோணமும்

லென்ஸின் பெயரோடு வரும் மில்லிமீட்டர் எண் அதன் குவியத் தூரம். அந்த எண் மட்டும் தெரிந்தால் போதாது. உணரியின் அகலமும் தெரிய வேண்டும். 12 மைக்ரான் பிக்சல்கள் 640 வரிசையாக அமைந்த உணரியின் அகலம் 7.68 மி.மீ. அதன் முன்னே 9 மி.மீ. லென்ஸ் வைத்தால் கிடைமட்டப் பார்வைக் கோணம் சுமார் 46 டிகிரி, 25 மி.மீ. லென்ஸில் 17.5 டிகிரி, 50 மி.மீ. லென்ஸில் 8.8 டிகிரி. அதே 25 மி.மீ. லென்ஸை வேறு அளவுள்ள உணரியின் முன் வைத்தால் கோணம் மாறிவிடும். இரண்டு கேமராக்களை ஒப்பிடும்போது மில்லிமீட்டரைவிடக் கோணத்தை ஒப்பிடுவதே சரி.

படத்தில் அடங்கும் அகலத்தை அறிய எளிய வழி உண்டு. உணரியின் அகலத்தைக் குவியத் தூரத்தால் வகுத்து, பொருள் இருக்கும் தூரத்தால் பெருக்க வேண்டும். 3 மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் 9 மி.மீ. லென்ஸ் 2.5 மீட்டருக்குச் சற்று அதிகமான அகலத்தைக் காட்டும், 25 மி.மீ. லென்ஸ் 92 செ.மீ. மட்டுமே காட்டும். வீட்டுச் சுவரில் ஈரக்கசிவைத் தேடுபவர் பின்னால் நகர இடமில்லாத அறைகளில் நிற்பார். அவருக்கு 40 டிகிரிக்கு மேற்பட்ட அகன்ற கோணம்தான் உதவும்.

ஒரு பிக்சலுக்குள் எவ்வளவு

பார்ப்பது ஒன்று, அளப்பது வேறு. வெப்பநிலையை அளக்கும் வேலையில் மிக முக்கியமான எண், ஒரு பிக்சல் பொருளின் மேல் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்பது. பிக்சல் அளவைக் குவியத் தூரத்தால் வகுத்தால் அது மில்லிரேடியனில் கிடைக்கும். 12 மைக்ரான் பிக்சலும் 25 மி.மீ. லென்ஸும் சேர்ந்தால் 0.48 மில்லிரேடியன். அதாவது 10 மீட்டர் தூரத்தில் ஒரு பிக்சல் 4.8 மி.மீ. இடத்தைப் பிடிக்கும்.

ஒரே ஒரு பிக்சல் பொருளின் மேல் விழுந்தால் அளவீடு நம்பத்தக்கதாக இராது. லென்ஸ் எந்தப் புள்ளியையும் புள்ளியாகவே குவிக்காது. கொஞ்சம் பரப்பித்தான் குவிக்கும். குறைந்தது 3 × 3 பிக்சல்கள் முழுமையாகப் பொருளின் மேல் விழ வேண்டும் என்பது பொதுவாகக் கடைப்பிடிக்கும் விதி. துணைமின் நிலையத்தில் 12 மீட்டர் உயரத்தில் 2 செ.மீ. அகலமுள்ள ஓர் இணைப்பு சூடாகிறது என்று வைத்துக்கொண்டால், 13 மி.மீ. லென்ஸில் மூன்று பிக்சல் 33 மி.மீ. இடத்தைப் பிடிக்கும். இணைப்பின் வெப்பமும் அதன் பின்னாலுள்ள குளிர்ந்த வானமும் கலந்த சராசரிதான் திரையில் வரும். ஒரு கரண்டி கொதிநீரைக் குளிர்ந்த நீர் நிறைந்த செம்பில் ஊற்றிவிட்டு வெப்பமானியை வைப்பதற்கு இது சமம். 25 மி.மீ. லென்ஸில் மூன்று பிக்சல் 17 மி.மீ.; நூலிழையில் தேறும். 50 மி.மீ. லென்ஸில் 9 மி.மீ.க்கும் குறைவு, தயக்கமின்றி அளக்கலாம். பழுதான இணைப்பைச் சீராக இருப்பதாகக் காட்டும் பிழை, குறுகிய குவியத் தூரத்தால் வருவது. வேலை செய்பவரின் பாதுகாப்பும் மின்சாரத்தின் தொடர்ச்சியும் இதில் அடங்கியிருப்பதால், உயரத்திலுள்ள இணைப்புகளைப் பார்க்கத் தொலைநோக்கு லென்ஸ் கட்டாயம்.

சூரியத் தகடுகளை ட்ரோனில் இருந்து பார்ப்பவர்களுக்கும் இதே கணக்குதான். 2017இல் வெளிவந்த ஐஇசி 62446-3 என்ற பன்னாட்டுத் தொழில்நுட்ப விவரக்குறிப்பு, தகட்டின் ஒவ்வொரு செல்லின் மேலும் குறைந்தது 5 × 5 பிக்சல் விழ வேண்டும் என்கிறது. சுமார் 15 செ.மீ. செல்லுக்குப் பிக்சல் ஒன்றுக்கு 3 செ.மீ. கணக்கு. 13 மி.மீ. லென்ஸோடு 30 மீட்டர் உயரத்தில் பறந்தால் பிக்சல் ஒன்று 2.8 செ.மீ. பிடிக்கும், நிபந்தனை நிறைவேறும். 9 மி.மீ. லென்ஸ் என்றால் 22 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது.

கண்டறிதல், இனங்காணுதல், அடையாளம்

கண்காணிப்பு வேலையில் கேள்வி வேறு: எவ்வளவு தூரத்தில் என்ன தெரியும்? 1958இல் அமெரிக்க ராணுவ ஆய்வாளர் ஜான் ஜான்சன் வகுத்த அளவுகோல்கள் இன்றும் இதற்கு அடிப்படை. அவற்றைப் பிக்சலில் சொன்னால், பொருளின் குறுகிய பக்கத்தில் 2 பிக்சல் விழுந்தால் 'ஏதோ இருக்கிறது' என்று கண்டறியலாம். 8 பிக்சல் விழுந்தால் மனிதனா விலங்கா என இனங்காணலாம். சுமார் 13 பிக்சல் விழுந்தால் இன்னும் நுட்பமாக அடையாளம் சொல்லலாம். இவை பாதிக்குப் பாதி வாய்ப்பு உள்ள எல்லைகள். பனி, மழை, ஈரக்காற்று எல்லாம் இந்தத் தூரங்களைக் குறைக்கவே செய்யும்.

அரை மீட்டர் அகலமுள்ள மனிதரை 25 மி.மீ. லென்ஸ் சுமார் 520 மீட்டரில் கண்டறியும். இனங்காண்பதோ 130 மீட்டரில்தான். விற்பனைத் தாள்களில் பெரிய எழுத்தில் வருவது பெரும்பாலும் கண்டறியும் தூரம். வாங்குபவருக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் அதில் கால் பங்கான இனங்காணும் தூரம்.

கோவையை அடுத்த மதுக்கரையில், ரயில் பாதையைக் கடக்கும் யானைகளைக் காக்கத் தமிழ்நாடு வனத்துறை 2024இல் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பைத் தொடங்கியது. அங்கே 12 கோபுரங்களில் தெர்மல் கேமராக்களும் சாதாரண கேமராக்களும் இயங்குகின்றன. இத்தகைய இடத்துக்கு லென்ஸ் தேர்வது எப்படி என்பதை ஒரு கணக்கு தெளிவாக்கும். யானையின் குறுகிய பக்கம் 2 மீட்டர் என்று கொண்டால், இனங்காண ஒரு பிக்சல் கால் மீட்டருக்கு மேல் பிடிக்கக்கூடாது. 9 மி.மீ. லென்ஸில் அந்த எல்லை 187 மீட்டர், 25 மி.மீ. லென்ஸில் 520 மீட்டர், 50 மி.மீ. லென்ஸில் 1,040 மீட்டர். அந்த எல்லையில் படத்தில் அடங்கும் அகலம் மூன்றிலும் ஒன்றுதான்: 640 பிக்சலைக் கால் மீட்டரால் பெருக்கினால் வரும் 160 மீட்டர். எவ்வளவு அகலத்தைக் காக்க முடியும் என்பதை உணரி நிர்ணயிக்கிறது. அந்த அகலம் எவ்வளவு தொலைவில் அமையும் என்பதை லென்ஸ் நிர்ணயிக்கிறது. நேராக ஓடும் தண்டவாளத்தின் போக்கிலேயே பார்க்கும் கேமராவுக்கு நீண்ட லென்ஸ் பொருந்தும். வளைவிலும், புதரை ஒட்டிக் காடு பாதையைத் தொடும் இடத்திலும், யானை அருகிலேயே வெளிப்படும் என்பதால் அகன்ற கோணம் வேண்டும். நீண்ட லென்ஸ் கோபுரத்தின் காலடியைப் பார்க்காது. அந்த இடைவெளியை அடுத்த கோபுரத்தின் கேமராதான் நிரப்ப வேண்டும்.

எஃப் எண்

குவியத் தூரத்தை லென்ஸின் திறப்பு விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். குளிரூட்டப்படாத உணரிகளுக்கு வரும் கதிர் ஒவ்வொன்றும் தேவை. எனவே அவற்றின் லென்ஸ்கள் பெரும்பாலும் எஃப்/1.0 முதல் எஃப்/1.4 வரை இருக்கும். எஃப்/1.4 லென்ஸ் உணரிக்குத் தருவது எஃப்/1.0 தருவதில் பாதி ஆற்றலே. சிறு வெப்ப வேறுபாடுகளை அது அந்த அளவுக்கு மங்கலாகக் காட்டும். சாதாரண ஒளிப்படக்காரர்கள் கூர்மைக்காகத் திறப்பைக் குறைப்பார்கள். இங்கே அது எதிர்மறையான பலனைத் தரும். 10 மைக்ரான் அலைநீளத்தில் எஃப்/1.0 லென்ஸ்கூட ஒரு புள்ளியைச் சுமார் 24 மைக்ரான், அதாவது இரண்டு பிக்சல் அகலமாகப் பரப்பிவிடும். திறப்பு குறையக் குறைய இந்தப் பரவல் கூடும்.

பெரிய திறப்புக்குக் கொடுக்கும் விலை எடை. 100 மி.மீ. எஃப்/1.0 லென்ஸுக்கு 100 மி.மீ. விட்டமுள்ள ஜெர்மானியம் தேவை. அதன் அடர்த்தியோ கண்ணாடியைப் போல இரு மடங்கு. பல கிலோமீட்டர் தூரம் பார்க்கும் எல்லைக் காவல் கருவிகள் குளிரூட்டப்பட்ட, 3 முதல் 5 மைக்ரான் பட்டையில் இயங்கும் உணரிகளை நாடுவது இதனால்தான். அவற்றுக்கு எஃப்/4 போதும், 300 மி.மீ. லென்ஸின் விட்டம் 75 மி.மீ.யில் முடிந்துவிடும். ஆனால் பூச்சுகள் பட்டைக்கு ஏற்பச் செய்யப்படுவதால், ஒரு பட்டைக்கான லென்ஸை மறு பட்டையில் பயன்படுத்த முடியாது.

குவியப்படுத்துதல்

9 மி.மீ. எஃப்/1.0 லென்ஸைச் சுமார் 7 மீட்டருக்குக் குவித்து நிறுத்தினால், மூன்றரை மீட்டர் முதல் அடிவானம் வரை தெளிவாக இருக்கும். அகன்ற லென்ஸ்கள் பல, குவியம் மாறாதவையாக வருவது இந்த வசதியால்தான். 25 மி.மீ. லென்ஸில் இந்தத் தெளிவு 26 மீட்டரில்தான் தொடங்கும், 50 மி.மீ. லென்ஸில் 100 மீட்டரைத் தாண்டித் தொடங்கும். ஆகவே நீண்ட லென்ஸுக்குக் கையால் அல்லது மோட்டாரால் திருப்பும் குவிய வளையம் இன்றியமையாதது. பொருள் எந்த அளவுக்கு வெப்பக் கதிரை உமிழும் என்பதைக் குறிக்கும் உமிழ்திறன் மதிப்பைத் தவறாக வைத்திருந்தால் பிறகு கணினியில் திருத்தலாம். குவியம் பிசகிய படத்தைத் திருத்த வழி இல்லை; அதில் சூடான புள்ளியின் வெப்பநிலை உண்மையைவிடக் குறைவாகவே பதிவாகும்.

பகலில் வெயிலிலும் இரவில் குளிரிலும் நிற்கும் கேமராவில் வெப்பநிலை மாற்றமே குவியத்தை நகர்த்திவிடும். இதை ஈடுகட்டும் அமைப்பு கொண்ட லென்ஸ்கள் தனியே கிடைக்கின்றன. வெளிப்புறக் கண்காணிப்புக்கு அவற்றையே கேட்டு வாங்க வேண்டும்.

மிக அருகில் பார்க்க

மின்னணுப் பலகையில் ஒரு சிறு மின்தடையோ சிப்போ எங்கே சூடாகிறது என்று பார்க்க, அருகுநோக்கு லென்ஸ் வேண்டும். பிக்சல் ஒன்றுக்கு எத்தனை மைக்ரான் என்பதே இங்கே அளவு. கதிரின் அலைநீளமே 10 மைக்ரான் என்பதால் அதைவிட நுண்ணிய விவரத்தை எந்த லென்ஸும் பிரித்துக் காட்டாது. தெளிவாகத் தெரியும் ஆழம் மிகக் குறைவு. கேமராவை நிலையான தாங்கியில் பொருத்தாமல் இதில் வேலை நடக்காது.

அளவுத்திருத்தமும் ஜூமும்

லென்ஸும் தானாகவே வெப்பத்தை உமிழும் பொருள். வெப்பநிலையை எண்ணாகத் தரும் கேமராவின் அளவுத்திருத்தம் அந்த உமிழ்வையும் லென்ஸின் கடத்து திறனையும் கணக்கில் கொண்டே செய்யப்படுகிறது. கூடுதல் லென்ஸ் வாங்கினால் அது அந்தக் கேமராவோடு சேர்த்து அளவுத்திருத்தம் செய்யப்பட்டதா என்று உறுதி செய்ய வேண்டும். படம் மட்டும் போதும் என்ற கண்காணிப்பு வேலைக்கு இந்த நிபந்தனை இல்லை. மின்பெட்டிகளில் பதிக்கும் ஜெர்மானிய, கால்சியம் ஃப்ளோரைடு ஜன்னல்கள் வழியே பார்க்கும்போது அவற்றின் கடத்து திறனையும் கேமராவில் பதிய வேண்டும்.

கேமராவின் டிஜிட்டல் ஜூம் இருக்கும் பிக்சல்களைப் பெரிதாக்கிக் காட்டுமே தவிர, புதிய பிக்சல் ஒன்றையும் பொருளின் மேல் சேர்க்காது. லென்ஸே நகரும் ஆப்டிகல் ஜூம்தான் உண்மையான நெருக்கம் தரும். அதன் விலையும் எடையும் அதற்கேற்பக் கூடும்.

தேர்வின் வரிசை இதிலிருந்து தானே வந்துவிடுகிறது. முதலில், பார்க்க வேண்டியவற்றுள் மிகச் சிறிய பொருளின் அளவும் அது இருக்கும் அதிகபட்சத் தூரமும். அடுத்து, வேலை அளவீடா கண்காணிப்பா என்பதைப் பொறுத்து அதன் மேல் விழ வேண்டிய பிக்சல்கள். அவற்றிலிருந்து குவியத் தூரம். அந்தக் குவியத் தூரம் தரும் கோணம் களத்துக்குப் போதுமா என்ற சோதனை. போதாவிட்டால் அதிகப் பிக்சல் உள்ள உணரி அல்லது இரண்டாவது லென்ஸ். பிறகு எஃப் எண், குவிய வசதி, பூச்சு, அளவுத்திருத்தம். விலையைக் கேட்பது இவை எல்லாம் முடிந்த பிறகு.

(தொடரும்)