அடையாள அட்டைக்குப் பின்னால் ஓர் உளவுக் கதை

12 வயதானதும் தேசியப் பதிவுத் துறையில் வரிசையில் நின்று அடையாள அட்டை எடுத்தோமே, நினைவிருக்கிறதா? அந்த அட்டையின் பிறப்புக்கும் உளவுக்கும் தொடர்பு உண்டு. அந்தக் கதை நம் பேராக் மாநிலத்தில்தான் தொடங்குகிறது.

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளையும் ஊர் மக்களையும் பிரித்தறிய, 12 வயதைத் தாண்டிய அனைவருக்கும் படமும் கைரேகையும் கொண்ட அட்டை வழங்கப்பட்டது.

உளவு பார்க்கும் பொறுப்பு காவல்துறையின் சிறப்புப் பிரிவுக்கு வந்தது. 1952இல் அது குற்றப் புலனாய்வுத் துறையிலிருந்து பிரிந்து தனித்து இயங்கியது. திரைப்படத்தில் வருவது போன்ற துரத்தல்கள் அதன் அன்றாட வேலையில் குறைவு. போராளிகள் சிறிதாக மடித்த கடிதங்களைத் தூதுவர் மூலம் அனுப்பினர். அதிகாரிகள் அதை இடைமறித்துப் படித்து, படியெடுத்து, சந்தேகம் வராமல் மீண்டும் அனுப்பிவிடுவார்கள். தூதுவரை உடனே பிடித்தால் கிடைப்பது ஒருவர். காத்திருந்தால் கிடைப்பது முழு வலை.

1952 மார்ச்சில் தஞ்சோங் மாலிம் அருகே 12 பேர் கொல்லப்பட்டனர். உயர் ஆணையர் டெம்ப்ளர் அவ்வூருக்கு 22 மணி நேர ஊரடங்கு விதித்து, அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். பிறகு வீட்டுக்கு வீடு ஒரு தாள் கொடுக்கப்பட்டது. பெயர் எழுத வேண்டாம், தெரிந்ததை எழுதினால் போதும். பூட்டிய பெட்டிகள் கோலாலம்பூருக்குப் போயின. கைதுகள் தொடர்ந்தன.

நெல் விளையும் கிரியான் மாவட்டத்தில், பாகான் செராயில் வாழும் நமக்கு அரிசியின் அருமை தெரியும். அன்று அரிசியும் ஆயுதமானது. உணவுக் கட்டுப்பாடு இருந்த பகுதிகளில், பால்மரம் வெட்டப் போனவர்களும் வாயிலில் சோதிக்கப்பட்டனர். பசித்த போராளி உணவு கேட்டு ஊருக்கு வருவான். அங்கே உளவுத்துறை காத்திருக்கும்.

நடுவில் சிக்கியவர்கள் சாதாரண மக்கள். தகவல் சொன்னால் காட்டிலிருந்து ஆபத்து. சொல்லாவிட்டால் விசாரணையின்றித் தடுப்புக்காவல். அவசரகாலம் 1960இல் முடிந்தது. விசாரணையற்ற காவலோ உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமாக 2012 வரை நீடித்தது.

ஒரு நாட்டுக்கு உளவுத்துறை தேவைதான். அதன் அதிகாரத்துக்கு எல்லை எது என்று கேட்பதும் தேவை. மாணவர்களே, தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் இன்றே அவர்களிடம் கேளுங்கள். கோப்புகளில் இல்லாத பாதிக் கதை அவர்களிடம் இருக்கலாம்.