பீடி சுற்றிட்டு எழுந்ததும் தலை சுத்துதா? ரத்தக் குழாய்களில் நடப்பது இதுதான்!

நெல்லை மேலப்பாளையத்தில் ஏராளமான பெண்களுக்கு பீடி சுற்றுவதுதான் வருமானம். மடியில் தட்டோடு மணிக்கணக்கில் தரையில் உட்கார்ந்துவிட்டு சட்டென்று எழுந்தால் சிலருக்கு கண் இருட்டும். ஏன்?

ரத்தம் எங்கே போகுது?

எழுந்ததும் புவியீர்ப்பால் ரத்தம் கால், வயிற்றுப் பகுதி சிரைகளுக்கு இறங்கும். படுத்திருந்து எழுந்தால் இது அரை லிட்டரைக்கூட தாண்டும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைவதால், மூளைக்குப் போவதும் குறையும்.

உடல் எப்படி சமாளிக்குது?

கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அவை மூளைக்குத் தகவல் சொன்னதும் சில நொடிகளில் இதயம் வேகமெடுக்கும், சின்னத் தமனிகள் சுருங்கும், அழுத்தம் சீராகும். நடந்தால் கெண்டைக்கால் தசையும் ரத்தத்தை மேலே தள்ளும். சிரை வால்வுகள் அதை திரும்ப இறங்க விடாது.

எப்போ கவனம் தேவை?

வெயிலில் தோலின் ரத்தக் குழாய்கள் விரியும், வியர்வையில் நீரும் குறையும். ரத்தசோகை, சில பிபி மாத்திரைகளாலும் தலைசுற்றல் கூடலாம். எழுந்த 3 நிமிடத்துக்குள் பிபியின் மேல் அளவு 20 புள்ளி இறங்கினால் மருத்துவர்கள் அதைப் பிரச்னையாகவே பார்ப்பார்கள்.

என்ன செய்யலாம்?

பாதத்தை மேலும் கீழும் அசைத்துவிட்டு மெதுவாக எழுங்க. தண்ணீர் குடிங்க. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீங்க. மயங்கி விழுந்தாலோ, அடிக்கடி வந்தாலோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் காட்டிடுங்க.